எலக்ட்ரான் கற்றை பட்ட பாலிமர் ஃபிலிம்: புராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் பாலிமர் ஃபிலிம் தயாரித்து, எலக்ட்ரான் கற்றை பாய்ச்ச மும்பைக்கோ இந்தூருக்கோ அனுப்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபிலிம் வார்க்கும்போது இருக்கிற கவனம், அது கதிர் பட்டுத் திரும்பி வந்த பிறகு பலருக்கு இருப்பதில்லை. முடிவுகள் அதிகம் கெடுவது அங்கேதான்.

கற்றையை நிறுத்தியதும் மாற்றமும் நின்றுவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எலக்ட்ரான் ஒரு பிணைப்பை அறுத்தால் அங்கே ரேடிக்கல்கள், அதாவது இணை சேராத எலக்ட்ரானோடு எளிதில் வினைபுரியும் துண்டுகள், உண்டாகின்றன. பெரும்பாலானவை உடனே தீர்ந்துவிடும். பாலிபுரோப்பிலீன் போன்ற அரைப் படிகப் பாலிமரில் ஒரு பங்கு படிகப் பகுதிக்குள் சிக்கிக்கொள்ளும். அவை மெல்ல நகர்ந்து வந்து ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சி ரேடிக்கலாகும். பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாகும். அது உடைந்தால் புதிய ரேடிக்கல்கள், மறுபடியும் சங்கிலி அறுபடும். அதனால்தான் கதிர் பட்ட அன்று நன்றாக வளைந்த ஃபிலிம், சில வாரம் கழித்து மடித்த இடத்திலேயே முறிகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பார்சல் ரயில் வெக்கையில் வந்து சேர்கிறது. அப்புறம் எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் (அகச்சிவப்பு ஒளியால் பிணைப்புகளை அடையாளம் காட்டுவது) முறை கிடைக்கும்வரை மேசை டிராயரில் கிடக்கிறது. கடைசியில் 1,715 செ.மீ.⁻¹ அலையெண் அருகே, ஆக்சிஜன் சேர்ந்து சிதைந்ததைக் காட்டும் கார்பனைல் உச்சம் தெரிந்தால், அதில் கற்றையின் பங்கு எவ்வளவு, காத்திருந்ததன் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? கதிர்வீச்சு நடக்கும் இடத்திலேயே நைட்ரஜன் நிரப்பி, அலுமினியத் தாள் பையில் சீல் வைக்கச் சொல்லுங்கள். வந்ததும் ஃப்ரீசரில் வையுங்கள், பையைப் பிரித்த அன்றே அளந்துவிடுங்கள். கதிர் படாத ஒரு துண்டும் அதே வழியில் போய் வரட்டும். கதிர் பட்ட தேதி, அளந்த தேதி இரண்டையும் அட்டவணையில் போடுங்கள்.

அடுத்தது, ‘வெப்பத்தால் சிதைந்தது’ என்று எழுதிவிடுவது. பொருள் உள்வாங்கிய கதிர் ஆற்றலின் அளவுதான் டோஸ், அதன் அலகு கிரே. 1 கிலோகிரே என்றால் கிராமுக்கு 1 ஜூல். மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகத் தரும் 25 கிலோகிரே முழுவதும் வெப்பமாக மாறினாலும் சாதாரண பாலிமரின் சூடு 12 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். சிதைப்பது அயனியாக்கமும் ரேடிக்கல்களும்தான். நூற்றுக்கணக்கான கிலோகிரேயை ஒரே மூச்சில் கொடுத்தால் சூடும் சேர்ந்துகொள்ளும். அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்லலாம்.

எல்லா பாலிமரும் ஒரே மாதிரி உடையும் என்பதும் சரியில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் பாலில் கதிர் பட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். கந்தகம் இல்லாமலே ரப்பரைப் பதப்படுத்த அந்த வழி இருக்கிறது. பாலிஎத்திலீனிலும் பிணைவதுதான் முந்தும். டெஃப்லான், அக்ரிலிக் எனப்படும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவற்றில் அறுபடுவது முந்தும். பல பாலிமர்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அப்படிப் பிணைந்த பகுதி கரைப்பானில் கரையாமல் ஜெல்லாக நிற்கும். அதை வடிகட்டி எறிந்துவிட்டு, கரைந்ததன் பாகுநிலையை மட்டும் அளந்து ‘மூலக்கூறு எடை குறைந்தது’ என்று முடிவு கட்டாதீர்கள். ஜெல்லை உலர்த்தி எடை போடுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கைட்டோசானும் பாலிவினைல் ஆல்கஹாலும் ஈரத்தை இழுக்கும். அந்த நீர் கதிரில் உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் தரும், வேதிவினையின் போக்கே மாறும். அனுப்புவதற்கு முன் வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதைக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால், கதிர் பட்ட ஃபிலிமைத் தொடவே சிலர் தயங்குகிறார்கள். மணலில் இருப்பது தானே சிதையும் தனிமம். ஆற்றல் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்கும் கற்றை ஃபிலிமைக் கதிரியக்கப் பொருளாக்குவதில்லை என்றே கொள்ளலாம். தயங்காமல் கையாளுங்கள்.

ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும்போது கவனம் தேவை. அங்கே சதுர ஆங்ஸ்ட்ரத்துக்கு ஓர் எலக்ட்ரான் விழுந்தாலே டோஸ் பத்து லட்சம் கிரேயைத் தாண்டும். தங்கப் பூச்சு மின்னூட்டம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும், சிதைவைத் தடுக்காது. ஓர் இடத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்துப் புது இடத்துக்கு நகர்ந்து படம் எடுங்கள். இல்லையென்றால் நீங்கள் காட்டும் விரிசல் நுண்ணோக்கியே உண்டாக்கியதாக இருக்கும்.

கடைசியாக, என்னை அதிகம் வருத்தும் ஒன்று. ‘டோஸ் கூடக் கூட பேண்ட் கேப் குறைந்தது, எனவே மின்னணுக் கருவிகளுக்கு ஏற்றது’ என்ற வரி ஆய்வறிக்கைகளில் தாராளமாக வருகிறது. பேண்ட் கேப் என்பது எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல் இடைவெளி, இவர்கள் அதை ஒளி உறிஞ்சும் எல்லையிலிருந்து கணக்கிடுகிறார்கள். பி.வி.சி. ஃபிலிமை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறி, இரட்டைப் பிணைப்புகள் தொடராக அமைவதால் அது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. உறிஞ்சும் எல்லை நீண்ட அலைநீளத்துக்கு நகர்வதற்குக் காரணம் அந்தச் சிதைவுதான். மின்கடத்துதிறனைத் தனியாக அளக்காமல் அந்த வரியை எழுதாதீர்கள்.