காணாமல் போன ஜோடி: துப்பறியும் நாவலில் வாசகர் வழுக்குகிற இடங்கள்

மதுரைப் பக்கம் ஓர் இளம் ஜோடி இரண்டு நாள் கண்ணில் படவில்லை என்றால், டீக்கடையில் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் ஓடிப்போய்விட்டார்கள். ஆனவர்கள் என்றால் கடன் தொல்லை. துப்பறியும் நாவல் எழுதுகிறவருக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் முதல் நாலைந்து அத்தியாயங்களை ஓட்டுவார்.

இந்த வகைக் கதையில் வாசகர் செய்கிற பெரிய தவறு, இருவரையும் ஒரே ஆளாக நினைத்துவிடுவது. அவன் எங்கே போனான், அவள் எங்கே போனாள் என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவனைக் கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு? அவளை? இரண்டு கேள்விக்கும் ஒரே சாட்சிதான் பதில் என்றால் அந்த ஆள் மேல் ஒரு கண் வையுங்கள். வேறு வேறு சாட்சிகள் என்றால், சேர்ந்து போனார்கள் என்று கதையில் இதுவரை யாருமே சொல்லவில்லை, நாமாக ஒட்டவைத்திருக்கிறோம்.

உதாரணமாக, பெட்டிக்கடைக்காரர் ஒருவர் "ரெண்டு பேரும் பஸ் ஏறுனாங்க சார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரியில், பையனின் முதுகைத்தான் பார்த்தாராம். அந்தப் பொண்ணு துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாளாம். சித்திரை வெயிலில் மதுரை ரோட்டில் போகிற பெண்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆக, அவர் பார்த்தது ஒரு முதுகும் ஒரு துப்பட்டாவும். இதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு, கடைசியில் "ஆசிரியர் ஏமாத்திட்டார்" என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள் என்று ஒரு பாத்திரம் சொன்னால் நமக்கு உடனே உறுத்தும். ஆரப்பாளையம் தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்துக்கு. தெற்கே போக மாட்டுத்தாவணிதான். சொல்கிறவன் பொய் சொல்கிறானா, இல்லை ஆசிரியருக்கே ஊர் தெரியாதா? அதே ஆசிரியர் மற்ற இடங்களில் வழியைச் சரியாகச் சொல்லியிருந்தால் பொய் என்று எடுத்துக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முந்தைய காலக் கதையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம் என்றதும் அடுத்த தவறு: எந்த வருடத்துக் கதை என்று பார்க்காமலே "செல்போன் டவரைப் பார்த்தால் தெரிஞ்சிருமே" என்று சலித்துக்கொள்வது. எஸ்டிடி பூத் காலத்தில் அது நடக்காது. காணாமல் போனவரைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்தச் சொல்லி கோர்ட்டில் போடுகிற ஆட்கொணர்வு மனுவும் அப்படித்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பு மனுப் போட வேண்டுமென்றால் பெண்ணின் அப்பா பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போயாக வேண்டும். அவர் வீட்டில் இல்லாத அந்த ஒன்றிரண்டு நாளில் யார் வந்து போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வயதை ஒரு விவரமாக மட்டும் படித்துவிட்டு நகர்வதும் தவறு. திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெண்ணுக்குப் பதினேழு என்று ஒரு வரி வந்தாலே வழக்கு கடத்தல், போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) என்று திசை மாறிவிடும். நண்பர்கள் வாய் திறக்க ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும். சிறப்புத் திருமணச் சட்டப்படி மறுநாளே பதிவு செய்துகொண்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு 30 நாள் நோட்டீஸ் வேண்டும்.

கல்யாணமான ஜோடி, பின்னணியில் சொத்து என்றால் வயது இன்னும் முக்கியம். ஒருவரைப் பற்றி ஏழு வருடமாகத் தகவலே இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே ஏழுதான். ஆறு வருடம் வாயே திறக்காத சித்தப்பா ஏழாவது வருடம் திடீரென்று பாசத்தோடு தேட ஆரம்பித்தால் அவரைக் குறித்து வையுங்கள். இருவரும் இறந்து, யார் முதலில் என்று தெரியாவிட்டால், மாற்றுச் சான்று வரும்வரை இளையவரே பிறகு இறந்ததாக 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கணக்கு வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய புத்தகக் கடையில் பாக்கெட் நாவல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடைசித் தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். பார்க்கும்போது கண் தானாக நாலு வரி ஓடிவிடும். முன்பு படித்த புண்ணியவான் யாராவது கொலைகாரன் பெயரைப் பென்சிலால் வட்டம் போட்டும் வைத்திருப்பார். கடைக்காரரிடமே கொடுத்து, கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.