ஆய்வுத் திட்டத்தைக் கமிட்டி முன் வைப்பது எப்படி: பாலக்காட்டு எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "பிபிடியில எத்தனை ஸ்லைடு வைக்கணும்?" என்பதைத்தான். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுத் திட்டத்தை வைக்கிற நாளில் உங்கள் கையில் முடிவு என்று எதுவும் கிடையாது. எதிரே இருப்பவர்களும் அதை எதிர்பார்த்து வரவில்லை. இந்தக் கேள்வி கேட்கத் தகுந்ததா, இந்த ஆளால் இதற்குப் பதில் தேடிக்கொண்டு வர முடியுமா, இந்த இரண்டைத்தான் அவர்கள் தீர்மானிக்கப் போகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வது ஆய்வு ஆலோசனைக் குழுவின் வேலை, அதே குழு முன்னால்தான் ஒவ்வொரு செமஸ்டரும் போய் நிற்கப் போகிறீர்கள். பல பல்கலைக்கழகங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்பார்கள். ஆகவே முதல் நாளிலேயே அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டால் பின்னால் வருகிற கூட்டங்கள் எல்லாமே லேசாகிவிடும்.

சரி, கேள்வியிலிருந்து தொடங்குவோம். "பாலக்காடு மாவட்டத் தமிழர்களின் வாழ்வியல்: ஓர் ஆய்வு" என்று ஒரு தலைப்பைக் கொண்டுபோனால் கமிட்டியில் யாருக்கும் எதுவும் புரியாது, ஏனென்றால் அதில் கேள்வியே இல்லை. அதே ஊரிலிருந்து இப்படி ஒன்றைக் கொண்டு போகலாம்: கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பஞ்சாயத்துகளில் கால்வாய்த் தண்ணீர் வரும் மாதங்களில் விவசாயிகள் போர்வெல் மோட்டாரைக் குறைவாக ஓட்டுகிறார்களா, அப்படியானால் எந்தப் பயிருக்கு, எவ்வளவு? இதைக் கேட்டவுடனே எதிரில் இருப்பவருக்கு ஒரு இடமும் ஒரு ஆளும் கண்ணுக்குத் தெரிகிறார்கள், எதை அளக்கப் போகிறீர்கள் என்பதும் தெரிகிறது. கடைசிவரை இந்தத் தலைப்பையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் தலைப்பு இலக்கியமோ வட்டார வழக்கோ எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதல் இரண்டு நிமிடத்தில் இந்தக் கேள்வியைச் சொல்லிவிடுங்கள். நெறியாளருக்கு, துறைத்தலைவருக்கு, முதல்வருக்கு, பெற்றோருக்கு என்று நன்றி சொல்லியே மூன்று நிமிடம் போக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடம், அதில் மூன்று நிமிடம் என்பது பெரிய தொகை. ஒரு வணக்கம், உடனே கேள்வி, அடுத்து இந்தக் கேள்வி ஏன் இந்த ஊரில் எழுகிறது என்பது. நம் எடுத்துக்காட்டில் அதற்கு நாலு வாக்கியம் போதும். இந்தப் பஞ்சாயத்துகள் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் பாலக்காட்டின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் வர வேண்டும். அந்தத் தண்ணீர் வயலுக்கு வந்தபின் நிலத்தடி நீர்மேல் உள்ள அழுத்தம் குறைகிறதா என்பதுதான் நான் கேட்கப்போவது. அவ்வளவே. ஒப்பந்தத்தின் முழு வரலாற்றையும் சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே நேரம் தீர்ந்துவிடும்.

அடுத்த ஸ்லைடு கட்டாயம் வரைபடமாக இருக்கட்டும். சித்தூர் என்றவுடன் வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பார், பாவம், அவர்மேல் தப்பில்லை. இணையத்தில் எடுத்த வரைபடம் வேண்டாம், நீங்களே வரையுங்கள். மாநில எல்லை, ஆழியாறு, மணக்கடவு, கால்வாய்கள் பிரியும் மூலத்தறை, உங்கள் மூன்று பஞ்சாயத்துகள், பொள்ளாச்சியிலிருந்து வரும் ரோடு இவை மட்டும் போதும். தாளில் வரைந்து படம் பிடித்து வைத்தாலும் நல்லதுதான், அந்த இடத்தில் நடந்து பார்த்தவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முன் ஆய்வுகளைப் பற்றிய பகுதியில் பலர் ஆசிரியர் பெயர், ஆண்டு, ஆசிரியர் பெயர், ஆண்டு என்று வரிசையாக வாசிப்பார்கள். வாசிக்காதீர்கள், பட்டியல் உங்கள் எழுத்துப் பிரதியில் ஏற்கெனவே இருக்கிறது. மேடையில் மூன்று விஷயம் சொன்னால் போதும்: இதுவரை என்ன கேட்டிருக்கிறார்கள், எந்த வழியில் கேட்டிருக்கிறார்கள், எது கேட்கப்படாமல் நிற்கிறது. "இதுவரை யாருமே செய்யவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கமிட்டியில் ஒருவர் ஒரே ஒரு கட்டுரையை நீட்டினால் போதும், உங்கள் மொத்தப் பேச்சும் ஆட்டம் கண்டுவிடும். "நான் தேடிய அளவில், இந்த மூன்று பஞ்சாயத்துகளில், பயிர்வாரியாக" என்று எல்லை போட்டுச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடம், ஆய்வு முறை. உங்கள் நேரத்தில் பாதி இதற்குப் போகட்டும், ஏனென்றால் உங்களால் முடியுமா முடியாதா என்று கமிட்டி எடை போடுவது இங்கேதான். எத்தனை விவசாயிகள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், கால்வாயின் தலைப்பகுதியில் இருப்பவரும் கடைமடையில் இருப்பவரும் எந்த விகிதத்தில், மோட்டார் ஓடும் நேரத்தை அவர் வாய்ச்சொல்லை நம்பி எழுதுவீர்களா அல்லது மீட்டர் வைத்து அளப்பீர்களா, வாய்ச்சொல் என்றால் ஞாபகப் பிழையை எப்படிச் சரிபார்ப்பீர்கள், கேள்வித்தாள் தமிழிலா மலையாளத்திலா, இரண்டிலும் என்றால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்பதை யார் பார்த்தார்கள், இவ்வளவுக்கும் பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். ஒரு பத்துப் பேரிடமாவது முன்கூட்டியே கேட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் ஐந்து ஸ்லைடு கோட்பாட்டைவிடக் கனமானது.

எல்லைப் பகுதியில் ஆய்வு செய்கிறவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு, வேறு ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாக வராது. தகவல் இரண்டு மாநிலத்திலும் சிதறிக் கிடக்கும். அணையில் திறந்த அளவு ஒரு அரசிடம், வயலுக்கு வந்து சேர்ந்த அளவு இன்னொரு அரசிடம். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு, சாலை போவது சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக. புலிகள் காப்பகத்துக்குள் வேலை இருந்தால் இரண்டு வனத்துறைகளின் வாசலையும் மிதிக்க வேண்டிவரும். அதனால் "எந்தத் தகவல், யாரிடம், எப்படிப் பெறுவேன், கிடைக்காவிட்டால் மாற்று என்ன" என்று நாலு நெடுவரிசை உள்ள ஒரு அட்டவணையை வைத்தே ஆக வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுவதாக இருந்தால் அதையும் அதில் எழுதுங்கள். தமிழ்நாட்டுத் துறைக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, கேரளத் துறைக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், 30 நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீட்டுக்கும் சேர்த்து நாள் ஒதுக்கிவிட்டால் கால அட்டவணை நம்பும்படி இருக்கும்.

பழைய ஆவணம் தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன்னால் பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, ஆகவே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் கோழிக்கோட்டுக் காப்பகத்துக்கும் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற சித்தூரோ கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது, அதன் பழைய காகிதங்களுக்கு எர்ணாகுளம் பக்கம் பார்க்க வேண்டும். இது தெரியாமல் "சென்னை ஆவணக் காப்பகத்தில் சித்தூர் வருவாய்ப் பதிவுகள்" என்று ஸ்லைடில் போட்டால் வரலாறு தெரிந்த ஒருவர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஆந்திர எல்லையிலும் இதே கதைதான். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, அதற்கு முன் அது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம்.

அளவைகளையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஒரு அறிக்கை டிஎம்சி என்கும், இன்னொன்று மில்லியன் கன மீட்டர் என்கும், கால்வாய்க்காரர் கியூசெக் (நொடிக்கு இத்தனை கன அடி) என்பார். ஒரு டிஎம்சி என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர், அப்படியானால் 7.25 டிஎம்சி ஏறக்குறைய 20.5 கோடி கன மீட்டர். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நீராண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே விளக்கப்படத்தில் கலந்தால் எண்கள் பொய் சொல்லும்.

ஸ்லைடு எத்தனை? பதினைந்து நிமிடத்துக்குப் பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. எழுத்து 28 அளவுக்குக் கீழே போக வேண்டாம், பின் வரிசையில் மூத்த பேராசிரியர்கள்தான் உட்காருவார்கள். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஒன்றும் பென் டிரைவில் இருக்கட்டும். கேள்விக்கென்று தனியாக மூன்று நாலு ஸ்லைடு கடைசியில் ஒளித்து வையுங்கள்: கேள்வித்தாள் மாதிரி, மாதிரி அளவுக் கணக்கு, செலவு விவரம்.

பேசும் மொழி பற்றி ஒரு வார்த்தை. அறையில் மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் இருக்கும். எந்த மொழியில் பேசப் போகிறீர்கள் என்று நெறியாளரிடம் முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த மொழியிலேயே கடைசிவரை நில்லுங்கள். மலையாளம் பேச வரும் என்றால் ஆரம்பத்தில் இரண்டு வாக்கியம் அதில் சொல்வது மரியாதை, அறையும் இளகும். கேள்வி எந்த மொழியில் வந்தாலும் பதற வேண்டாம், புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி நேரம்தான் பலருக்கு வயிற்றைக் கலக்கும். நம் தலைப்பில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "தமிழ்நாடு ஒழுங்காகத் தண்ணீர் விடுகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்." கேட்பவர் எந்தப் பக்கத்துக்காரர் என்பது அவர் குரலிலேயே தெரியும். அங்கே பக்கம் எடுக்காதீர்கள், நழுவவும் நழுவாதீர்கள். "ஐயா, திறந்துவிட்ட அளவு இரண்டு அரசின் பதிவிலும் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வைப்பேன், இரண்டும் ஒத்துப்போகாத மாதங்களைத் தனியாகக் காட்டுவேன். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்த ஆய்வின் வேலை இல்லை. தண்ணீர் வந்த மாதத்தில் விவசாயி என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி" என்று நிதானமாகச் சொன்னால் இரண்டு பக்கத்தாரும் தலையாட்டுவார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "இதை நான் யோசிக்கவில்லை, குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அவர்கள் கண் முன்னாலேயே எழுதுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வரும்.

ஒத்திகை பாருங்கள், வாய்விட்டு, கடிகாரம் வைத்து. துறை நண்பர்களிடம் ஒரு தடவை, அப்புறம் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஒரு தடவை. இந்தத் தலைப்புக்கு எனக்குப் பிடித்த ஆள் ஒரு தென்னந்தோப்புக்காரர்தான். மூன்று நிமிடத்தில் அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, "இது சரியான கேள்விதானா அண்ணா?" என்று கேளுங்கள். கால்வாயில் தண்ணீர் வரும் வாரத்தில் கரண்ட் எப்போது இருக்கும், யார் முறை எப்போது, யார் ராத்திரியில் மடை திறப்பார் என்று அவர் சொல்கிற இரண்டு விஷயம் உங்கள் கேள்வித்தாளையே மாற்றிவிடக்கூடும்.

கூட்டம் முடிந்ததும் டீக்கடைக்குப் போகும் முன் கமிட்டி சொன்னதை எல்லாம் எழுதிவிடுங்கள், யார் சொன்னது என்பதோடு. அன்றைக்கு ராத்திரியே நெறியாளருக்கு அனுப்பி, எதை ஏற்கிறோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று பேசி முடிவு செய்யுங்கள், அடுத்த செமஸ்டரில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். ஒப்புதல் கிடைத்த வாரமே இரண்டு மாநிலத்துக்கும் தகவல் உரிமை மனுக்களைத் தபாலில் போட்டுவிடுங்கள். ஜூலை 1க்கு முன்னால் பதில் கைக்கு வந்துவிட்டால் ஒரு முழு நீராண்டை வயலிலேயே பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும்.