50 எம்எம் எப்போது 80 ஆகிறது? மிரர்லெஸ்ஸையும் டிஎஸ்எல்ஆரையும் ஒப்பிடும் முறை

கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, மிரர்லெஸ்ஸா டிஎஸ்எல்ஆரா என்பதுதான். லென்ஸுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று இருந்தால் டிஎஸ்எல்ஆர், இல்லாவிட்டால் மிரர்லெஸ். நான் திருப்பிக் கேட்பது வேறு: எதை எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், அங்கே வெளிச்சம் எப்படி இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் சென்சாரும் (படம் பதியும் சில்லு) லென்ஸும் முடிவாகிவிடும். உள்ளே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இது உறைத்தது கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பங்காளி வீட்டுக் கல்யாணம், இணைச்சீர் (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தாள் செய்யும் சீர்) நடக்கிறது, கையில் கேனன் ஏபிஎஸ்-சி, அதாவது சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆரும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு முட்டிய பிறகும், சீர் செய்யும் அக்காவின் முகம் வந்தால் சடங்கை நடத்தும் அருமைக்காரர் கை வெட்டுப்படுகிறது, கை வந்தால் மாப்பிள்ளை பாதிதான் வருகிறார். அந்தச் சீர் திரும்ப நடக்காது. எம்எம் கூடக் கூடப் படத்தில் வரும் பரப்பு குறுகும். லென்ஸ் மேல் 50 என்று எழுதியிருந்தாலும் என் கேமராவில் அது 80 எம்எம் பார்க்கும் பரப்பைத்தான் காட்டியது.

காரணம் சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். கேனன் ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 22.3-க்கு 14.9. நிக்கான், சோனி, ஃபியூஜி ஏபிஎஸ்-சி சுமார் 23.5-க்கு 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13. லென்ஸ் விழவைக்கும் பிம்பம் அதேதான், சின்ன சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு வெட்டுகிறது என்பதற்குத்தான் கிராப் ஃபேக்டர்: கேனனுக்கு 1.6, மற்ற ஏபிஎஸ்-சிக்கு 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. லென்ஸின் எம்எம்மை இதால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் என்ன தெரியும் என்று கிடைத்துவிடும். டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ, இந்தக் கணக்கு மாறாது.

இதுவரை பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தவறு நடப்பது அப்பர்ச்சரில், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாயில். எஃப் எண் குறையக் குறைய அந்த வாய் அகலும்.

நம்ம ஊர்க் காட்டை வைத்தே சொல்கிறேன். ஃபுல் ஃபிரேமை ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட் என்று வையுங்கள். நிக்கான், சோனி ஏபிஎஸ்-சி சுமார் 42 சென்ட், கேனன் 38, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 26. ஒரு உழவு மழை பெய்கிறது. எல்லாக் காட்டிலும் மண் ஒரே ஆழத்துக்குத்தான் நனையும், ஆனால் மொத்தமாக விழுந்த தண்ணீர் காட்டின் அளவுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். எஃப் எண் என்பது மழையின் அளவு, அதனால்தான் எந்த சென்சாரிலும் எஃப் 2-க்கு எக்ஸ்போஷர் ஒன்றாகவே வருகிறது. மொத்த வெளிச்சம் என்பது விழுந்த தண்ணீர். படத்தில் குருணை (நாய்ஸ்) தெரிவது பெரும்பாலும் இந்த மொத்தத்தைப் பொறுத்தது.

ஆகவே நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் எம்எம்மைப் பெருக்குவதுபோல எஃப் எண்ணையும் பெருக்குங்கள், ஐஎஸ்ஓவை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்) கிராப் ஃபேக்டரால் இரண்டு முறை பெருக்குங்கள். 1.5 கிராப் கேமராவில் 35 எம்எம், எஃப் 2, ஐஎஸ்ஓ 800 வைத்து எடுத்த படமும், ஃபுல் ஃபிரேமில் 50 எம்எம், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்த படமும், ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால், பரப்பு, பின்னணி மங்கல், குருணை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது: ஏபிஎஸ்-சியில் நல்ல எஃப் 2.8 ஜூம் வைத்திருப்பவர், ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கி அதில் எஃப் 4 ஜூம் மாட்டினால் பெரிதாக எதுவும் கிடைக்காது. பணம் போனதுதான் மிச்சம். லென்ஸுக்கும் சேர்த்து பட்ஜெட் இருந்தால் மட்டும் ஃபுல் ஃபிரேமுக்குப் போங்கள்.

பறவை எடுப்பவர்களுக்கு இதே வெட்டு சாதகம். வெள்ளோடு ஏரியில் கூழைக்கடா தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது 300 எம்எம் லென்ஸ் 1.5 கிராப்பில் 450 மாதிரி காட்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் எடுத்து அதே அளவுக்கு வெட்டினால் பத்து மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது அடியில் இருக்கும் தனி சென்சார். அது துளி விலகியிருந்தாலும் எஃப் 1.8-இல் கண் இமைக்குப் பதில் காதில் ஃபோகஸ் நிற்கும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் அந்தத் தொல்லை இல்லை, கண்ணையும் தானே பிடித்துக்கொள்ளும். கூட்டமான மண்டபத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை எல்இடி விளக்கடியில் நம்பிவிடாதீர்கள், பல கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், வேகத்தையும் 100-இல் ஒன்று பக்கம் இறக்குங்கள்.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆர் இன்னும் ராஜா. ஒரே அளவீட்டு முறைப்படி நிக்கானின் டிஎஸ்எல்ஆர் டி750-க்கு ஒரு சார்ஜில் 1230 படம், மிரர்லெஸ் இசட்6-க்கு 310. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாகத் தரும், ஆனாலும் விடியற்கால முகூர்த்தத்துக்கு மிரர்லெஸ் கொண்டுபோனால் குறைந்தது மூன்று பேட்டரி பையில் இருக்கட்டும்.

லென்ஸ் விஷயத்தில் வழி ஒருபக்கம் மட்டும்தான். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 46.5 மில்லிமீட்டர், அவர்களுடைய மிரர்லெஸ்ஸில் 16. கேனனில் 44, 20. அதனால் பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மிரர்லெஸ்ஸில் மாட்டலாம், மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் உள்ளே மோட்டார் கிடையாது, அவற்றை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வீட்டில் மாமா வைத்துவிட்டுப்போன லென்ஸ் இருந்தால் முதலில் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

என் முடிவு இது. கையில் காசு குறைவு, பகல் வெளிச்சத்தில் காடு, கோயில், மாடு எடுக்கப் போகிறீர்கள் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் 35 எம்எம் எஃப் 1.8-ம் போதும், காங்கேயம் காளை அதில் அருமையாக வரும். கல்யாண வேலை, வீடியோ என்றால் மிரர்லெஸ்.

கோயமுத்தூருக்குக் கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். இரண்டு கேமராவிலும் பரப்பு ஒன்றாக வரும்படி லென்ஸ் மாட்டச் சொல்லுங்கள், அதாவது ஏபிஎஸ்-சியில் 35, ஃபுல் ஃபிரேமில் 50. கூட வந்தவரை ஆறடி தள்ளி நிறுத்தி, மேலே சொன்ன கணக்குப்படி ஒருமுறையும் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒருமுறையும் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். பழைய பாடி என்றால் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கை) கேளுங்கள், லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கடை வாசலுக்கு வந்து எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் அதில் கரும்புள்ளியாகத் தெரியும். சென்சாரைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு காசு கொடுக்கலாம்.