பூவைப் பார்த்துக் கோலம் வடிவமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் பினாங்கில் பேரங்காடி, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று எங்கும் வண்ண அரிசிக் கோலம். பெரும்பாலும் கைப்பேசியில் கிடைத்த அதே மயில், அதே தாமரை. தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்கம் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருக்க, அதைப் போய்ப் பார்க்காமல் இன்னொருவர் வரைந்ததை வரைவதுதான் முதல் தவறு. படத்தில் ஒரு கோணம்தான் கிடைக்கும். பூவைச் சுற்றி வரலாம், புரட்டியும் பார்க்கலாம்.

நேரம் தவறிப் போனாலும் பயனில்லை. இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே 1 மணிக்குப் பிறகுதான். அந்த நேரத்து வெயிலில் நிழல் விழாது, இதழின் மடிப்பு தெரியாது. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் சாய்வெளிச்சம் இருக்கும். பறிக்க வேண்டாம், உதிர்ந்ததில் முழுதாக இருப்பதை எடுங்கள். குரங்குகள் உண்டு, பையில் தின்பண்டம் வைக்காதீர்கள்.

மிக அதிகமாக நடக்கும் தவறு, இதழை எண்ணாமல் புள்ளி வைப்பது. நாகலிங்கத்துக்கு 6 இதழ், செம்பருத்திக்கு 5. ஆறு இதழுக்கு இடைப்புள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வருவது, அளவெடுத்ததுபோல் பொருந்தும்: நடுவரிசையில் 7, இருபுறமும் 4 வரை குறைத்து வந்தால் மொத்தம் 37 புள்ளி. நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் ஆறு இதழ் போகும். இதையே புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வரும் நேர்ப்புள்ளியில் திணித்தால் ஆறு இதழும் ஒரே அளவில் வராது.

ஐந்து இதழுக்கு இரண்டுமே ஒத்துவராது. வட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும். நூலால் 50 செ.மீ. ஆரத்தில் வட்டமிட்டு, விளிம்பில் நேர்கோட்டளவாக 59 செ.மீ. இடைவெளியில் குறித்துக்கொண்டே வந்தால் ஐந்தாவது குறி தொடங்கிய இடத்தைத் தொடும். இம்மியளவு மிஞ்சினால் ஐந்திலும் பகிர்ந்துவிடுங்கள்.

அடுத்தது அடுக்கு. ஒற்றைச் செம்பருத்தியில் ஒவ்வோர் இதழுக்கும் ஓர் ஓரம் பக்கத்து இதழின் மேலே, மறு ஓரம் மறுபக்கத்து இதழின் கீழே. பூவில் தெரியும் சுழற்சி இதனால் வருவது. கோலத்தில் ஏதாவது ஓர் இதழ் இரண்டு பக்கமும் மேலே ஏறிவிட்டால் சுழற்சி அங்கேயே நின்றுபோகும். எல்லா இதழுக்கும் ஒரே பக்கத்து ஓரத்தில் மட்டும் அடர்நிற அரிசியால் கோடிடுங்கள். சில பூ வலமாகவும் சில இடமாகவும் சுழலும். கையிலுள்ள பூவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நாகலிங்கத்தில் பலரும் நடுவட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நடுவட்டம் மகரந்தத் தாள்களின் வளையம் மட்டுமே. அதன் ஒரு பக்கத்திலிருந்து நாகப்படம் போன்ற பகுதி எழுந்து வளைந்து மேலே கவிகிறது. ஆகவே இந்தப் பூ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இராது. அந்த நாகப்படத்தை விட்டுவிட்டால் அது ஏதோ ஓர் ஆறிதழ்ப் பூ, நாகலிங்கம் ஆகாது.

நிறத்தில், புட்டியிலுள்ள பச்சையை அப்படியே இலைக்குக் கொட்டாதீர்கள். அடர்பச்சையும் மஞ்சள்பச்சையும் தனித்தனியே சாயமேற்றி, இலை நடுவில் அடர்பச்சை 2 பங்குக்கு மஞ்சள்பச்சை 1 பங்கு, ஓரத்தில் அதைத் திருப்பிக் கலந்து தூவினால் தளிர் வெளிச்சம் வரும்.

சாயமேற்றும்போது 1 கிலோ அரிசிக்குத் தண்ணீர் 3 மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். இங்குள்ள ஈரக்காற்றில் அதற்குமேல் போனால் அரிசி கட்டிதட்டிப் புளித்த வாடை அடிக்கும். செய்தித்தாளில் மெலிதாகப் பரப்பி, காற்றாடியின் கீழ் ஓரிரவு விட்டு, கையில் ஒட்டாமல் உதிர்ந்த பிறகே டப்பாவில் அடையுங்கள்.