விரவல்: ஒரு நிகழ்வை மூன்று துறைகளோடு சேர்த்துக் கற்பிக்க மின்நூலகங்களைப் பயன்படுத்தும் முறை

துகள்கள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமாகப் பரவுவதே விரவல்; ஆங்கிலத்தில் ‘டிஃப்யூஷன்’. இளநிலை அறிவியல் மாணவர்கள் இதை இயற்பியலில் ஒரு முறை, வேதியியலில் ஒரு முறை, உயிரியலில் ஒரு முறை படிக்கிறார்கள். மூன்றும் ஒன்றே என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் நேரமிருப்பதில்லை. இலவச மின்நூலகங்கள் கையில் இருக்கும்போது இப்படி விடுவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

படி 1: துறையைத் தேடாதீர்கள், நிகழ்வைத் தேடுங்கள்

‘இயற்பியல்’ என்று தேடினால் குவியல்தான் வரும். ‘டிஃப்யூஷன்’ என்று தேடினால் மூன்று துறைப் பக்கங்களும் ஒன்றாக வந்து நிற்கும்.

படி 2: மூன்று நூல்களை அருகருகே திறங்கள்

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. விரவல் வரும் பகுதிகள் இவை: ‘காலேஜ் ஃபிசிக்ஸ்’ நூலில் 12.7, ‘கெமிஸ்ட்ரி’ இரண்டாம் பதிப்பில் 9.4, ‘பயாலஜி’ இரண்டாம் பதிப்பில் 5.2. முதலாவதில் தூரத்துக்கும் நேரத்துக்குமான சமன்பாடு, அடுத்ததில் கிரஹாம் விதி (லேசான வாயு வேகமாகப் பரவும் என்பது), மூன்றாவதில் செல் சவ்வு. மூன்றிலிருந்தும் தேவையான பத்திகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முழு அத்தியாயத்தையும் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 3: கண்ணால் பார்க்க வையுங்கள்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ஃபெட் தளத்தில் விரவலுக்கென்றே ஒரு பாவனைச் செயலி இருக்கிறது. இடப்பக்கம் லேசான துகள்கள், வலப்பக்கம் கனமானவை, எண்ணிக்கையும் வெப்பநிலையும் சமம் என்று அமையுங்கள். நடுத்தடுப்பை எடுக்குமுன், எது முதலில் மறுபக்கம் பரவும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்; எழுதிய பிறகுதான் கவனித்துப் பார்ப்பார்கள். லேசானவை முந்தும், கிரஹாம் விதியின் அடிப்படை அந்த வேகந்தான். இருபக்கமும் சமமான பிறகு, “விரவல் முடிந்துவிட்டதா?” என்று கேளுங்கள். துகள்கள் ஓயாமல் இங்குமங்கும் போய்க்கொண்டே இருப்பதைத் திரையிலேயே காட்டலாம்.

படி 4: ஒரே ஒரு கணக்கு

பாடத்தின் உயிர் இங்கேதான். நீரில் குளுக்கோஸின் விரவல் கெழு (ஒரு பொருள் எவ்வளவு விரைவாக விரவுகிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 6.7 × 10⁻¹⁰ மீ²/வி. நேரம் = தூரத்தின் வர்க்கம் ÷ (2 × கெழு). 10 மைக்ரோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு செல்லின் அளவு தூரத்தைக் கடக்க 0.075 வினாடி போதும். 1 சென்டிமீட்டருக்கு? ஏறத்தாழ 21 மணி நேரம்! தூரம் ஆயிரம் மடங்கானால் நேரம் பத்து லட்சம் மடங்காகிறது. விடையை நீங்கள் சொல்லாமல் மாணவர்களையே கணக்கிட விடுங்கள். நமக்கு இரத்த ஓட்டம் எதற்கு என்ற கேள்வி தானாக எழும்.

படி 5: மூலக்கூறு வரை இறங்குங்கள்

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமித்து வைக்கும், 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ‘1எஃப்கியூஒய்’ என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் தேடினால், நீர் செல் சவ்வைக் கடக்க உதவும் அக்வாபோரின் புரதம் கிடைக்கும். சுட்டியால் சுழற்றிப் பார்க்கலாம். அக்வாபோரினைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் கிடைத்தது வேதியியல் நோபல் என்பதையும் சொல்லுங்கள்.

படி 6: பகிரவும் மதிப்பிடவும்

நகலெடுக்குமுன் ஒவ்வொரு தளத்தின் உரிமக் குறிப்பையும் படித்து, மூலத்தின் பெயரைத் தாளில் போடுங்கள். தேர்வுக்குப் பழைய வரையறைக் கேள்வி வேண்டாம். இதைக் கொடுங்கள்: “தட்டைப்புழுவுக்கு இரத்த ஓட்ட மண்டலம் இல்லை. அதன் உடல் தட்டையாக இருப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? கணக்கோடு விளக்குக.”