கண் ஆஞ்சியோ: முதல் முப்பது விநாடியைத் தவறவிடாதீர்கள்

கழுத்து ரத்தக்குழாய் அடைத்து, கண்ணுக்கு ரத்தம் குறைந்துபோயிருக்குமோ என்று சந்தேகப்படும் நோயாளிக்கு ஃபுளோரசின் ஆஞ்சியோ (ஊசியில் சாயம் ஏற்றி, அது விழித்திரை ரத்தக்குழாய்களில் ஓடுவதைப் படமெடுக்கும் சோதனை) எழுதியிருக்கிறார் டாக்டர். நீங்களோ கேமராவுக்குப் புதிது. இந்த நோயில் படம் பளிச்சென்று வருவதைவிட, எத்தனையாவது விநாடியில் எடுத்தது என்பதுதான் பேசும்.

முதலில் சாயம் ஏற்றாமல் இரண்டு கண்ணின் விழித்திரையையும் கலரில் எடுங்கள். சிரைகள் பருத்திருக்கும், ஆனால் பாம்பாய் நெளிந்திருக்காது. நெளிந்திருந்தால் சிரை அடைப்பாக இருக்கலாம். ரத்தப் பொட்டுகள் பெரும்பாலும் நடுவை விட்டுத் தள்ளி, ஓரத்துக்குப் போகும் வழியில் கிடக்கும். நடுப்படத்தோடு நிறுத்திவிட்டால் அவை சிக்காது.

அப்புறம் விசாரிப்பு: அலர்ஜி, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம். அவசர மருந்துத் தட்டு கைக்கெட்டும் தூரத்திலும், டாக்டர் கூப்பிடு தூரத்திலும் இருக்க வேண்டும். நர்ஸ் ஊசியைப் போட்டதும், அது ரத்தக்குழாயில் சரியாக நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயம் வெளியே கசிந்தால் தீயாய் எரியும்.

எந்தக் கண்ணில் கோளாறோ அதை முதலில் ஃபோகஸ் செய்யுங்கள். “ஆத்தா, தாடையை எடுக்காம இந்த வெளிச்சத்தையே பாருங்க” என்று சொல்லிவிட்டு, சாயம் ஏறத் தொடங்கும் அதே நொடியில் டைமரைத் தட்டுங்கள். சாயம் பெரும்பாலும் 10 சதவீதக் கரைசலில் 5 மில்லி. எட்டாவது விநாடியிலிருந்து விநாடிக்கு ஒன்றாக, முப்பது வரை விடாமல் எடுங்கள். நடுவில் ஆத்தாவுக்குக் குமட்டல் வரலாம். மூச்சை இழுத்து விடச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நல்ல கண்ணில் 10 முதல் 15 விநாடிக்குள் பின்படலம் (விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய்ப் படலம், கோராய்டு) வெளுக்கும், ஒரு விநாடி கழித்துத் தமனிகள் சட்டென்று நிறைந்துவிடும். சாயத்தின் முனையை நம் கண்ணால் பிடிக்கவே முடியாது. ரத்த ஓட்டம் குறைந்த கண்ணில் அந்த முனை தெரியும்! சித்திரைத் திருவிழாவுக்கு அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் காய்ந்த வைகை மணலில் ஊர்ந்து வருமே, அப்படித் தமனிக்குள் மெல்ல நகரும். பின்படலம் திட்டுத் திட்டாக இருட்டாகவே நிற்கும். முப்பது ஆகியும் சிரை நிறையவில்லையா? டைமரை நிறுத்தாமல் தொடருங்கள்.

பிறகு அடுத்த கண், ஓரங்கள், ஐந்தாவது, பத்தாவது நிமிடப் படங்கள். கடைசிப் படங்களில் ரத்தக்குழாய்ச் சுவரே சாயத்தை உறிஞ்சி மினுங்கும். இந்த வரிசையைப் பார்த்துத்தான் டாக்டர் கழுத்து டாப்ளருக்கு (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அனுப்புவார்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஒரு நாளுக்கு மேலும் மஞ்சளாக இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்தேன். உசிலம்பட்டிப் பெரியவர் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மகனோடு வந்து இறங்கிவிட்டார், மஞ்சள்காமாலை என்று.