விளிம்புநிலைக் கண்டுபிடிப்பாளருக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் புதிது புதிதாகக் குழுக்கள் கிளம்புகின்றன. பூக்கட்டும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் கண்டுபிடிப்புகளை வெளியே கொண்டுவரப் போகிறார்களாம். பின்னால் ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பணிக்கென ஒதுக்கும் நிதி, இருக்கும். எண்ணம் நல்லதுதான். ஆனால் முன்னே போனவர்கள் விழுந்த அதே பள்ளத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள். மரியாதையாகப் பேசுங்கள், காதுகொடுத்துக் கேளுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி; அதை விட்டுவிடுவோம்.

காப்புரிமை மனுப் போடுமுன் மேடையேற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத வியாதி இது. உசிலம்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர், போலியோவால் கால் விளங்காதவர், முச்சக்கர வண்டிக்குப் புதுவிதமான கைப்பிரேக் ஒன்று செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் அவரைக் கல்லூரி விழாவுக்கு அழைத்து வருவார்கள். பொன்னாடை, கேடயம், மறுநாள் நாளிதழில் படம், யூடியூபில் பிரேக்கைக் கழற்றி மாட்டும் காணொளி. ஐந்து மாதம் கழித்துத்தான் யாருக்காவது காப்புரிமை ஞாபகம் வரும். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியான எதுவும் சட்டத்தின் கண்ணில் புதியதல்ல. காட்டியவர் கண்டுபிடித்தவரே என்றாலும் அதே கதிதான். காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அந்தக் காணொளியையே எடுத்து நீட்டலாம்.

“கண்காட்சியில் வைத்தால் 12 மாத அவகாசம் உண்டே” என்பார்கள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவை அரைகுறையாகப் படித்ததன் விளைவு. கண்காட்சிக்கு அந்தச் சலுகை கிடைக்க வேண்டுமென்றால், மத்திய அரசு அதை அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். கல்லூரி ஆடிட்டோரியம் அதில் வராது. தமுக்கம் மைதானத்தில் பந்தல் போட்டாலும், அறிவிப்பு இல்லையென்றால் வராது.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணத்தோடு, விண்ணப்பித்தால் போதும். எதற்கெல்லாம் பாதுகாப்பு கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரல்களை அப்போது எழுதத் தேவையில்லை. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத் தேதி கைக்கு வந்துவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று அரைப்பக்கம் எழுதித் தள்ளாதீர்கள். லீவர் எங்கே மாட்டுகிறது, கம்பி எப்படி இழுபடுகிறது, ஸ்பிரிங் எதற்கு என்று படத்தோடு எழுதுங்கள். அதில் சொல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். ஆகவே கையெழுத்து வாங்குமுன் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பேராசிரியர் பெயரைக் கண்டுபிடிப்பாளராகப் போட்டு, பட்டறைக்காரரை நன்றியுரையில் சேர்க்கிறார்கள். படம் வரைந்து கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். “கல்லூரி பெயரில் போட்டால் கட்டணம் குறையும்” என்ற சாக்கும் செல்லாது. 2021 விதித் திருத்தத்துக்குப் பின் கல்வி நிறுவனத்துக்கும் அதே 1,600தான்.

மனு ஏறும்வரை எந்த நிறுவனத்தாரிடம் காட்டினாலும் முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தம். வாட்ஸ்அப் குழுவில் காணொளி கூடவே கூடாது.

பரம்பரை அறிவுக்குக் காப்புரிமை தேடுவது

கிடைக்காது, காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே தடுக்கிறது. வேறு வழி பாருங்கள். மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. முடிச்சுப் போடும் பெண்களை அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனர்களாக, அதாவது அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர்களாக, பதிவுசெய்ய உதவுங்கள்.

கூரியரில் வரவேண்டிய பாகம்

கல்லூரி ஆய்வகத்தில் அழகாக ஓடும் மாதிரி, ஊருக்குப் போய் மூன்றாம் மாதம் மூலையில் கிடக்கும். காரணம் பெரும்பாலும் முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம்; உடைந்தால் கூரியரில்தான் வரவேண்டும். மதுரைப் பக்கத்து மேலக்கால் ஊர்க்காரர் முருகேசனின் வாழைநார்க் கயிறு இயந்திரம் சைக்கிள் ரிம்மில் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். அரை அங்குல சைக்கிள் செயின், 8 மில்லிமீட்டர் போல்ட், பக்கத்துக் கடையில் கிடைக்கும் பேரிங். இவற்றால் முடியாத வடிவமைப்பை மறுபடி வரையுங்கள். உடைந்ததை உள்ளூர் வெல்டர் ஒருவர் உங்கள் உதவியில்லாமல் சரிசெய்ய முடிகிறதா என்று பார்த்த பிறகு ஒப்படையுங்கள்.

பயிற்சியைப் பகல் 11 மணிக்கு வைப்பது

பூக்கட்டும் பெண்களுக்கு அது வேலை நேரம்; மல்லிகை மொட்டு உங்களுக்காகக் காத்திருக்காது. அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

மார்ச் மாதத்துச் சிஎஸ்ஆர்

நிதியாண்டு முடிகிறதே என்று ஒரே நாளில் நூறு இயந்திரம் வாங்கி, படம் எடுத்து, கொடுத்துவிட்டுப் போவது. பழுதுபார்க்கவோ இரண்டாம் வடிவம் செய்யவோ காசு மிஞ்சாது. தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு தீர்மானித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை செலவிடச் சட்டமே இடம் தருகிறது. செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பில்லை 90 நாள் இழுப்பது

பெரிய நிறுவனத்துக்கு இது வழக்கம். கூடை பின்னும் குழுவுக்கு அடுத்த சரக்குக்கு ஓலை வாங்கக் காசில்லாமல் போகும். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழில்களுக்கான தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதைக் கேட்க உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, வேண்டும். பதிவுக்குக் கட்டணமில்லை, காசு கேட்கும் புரோக்கரிடம் விடாதீர்கள். முதல் பர்சேஸ் ஆர்டர் வருமுன்னே செய்துவிடுங்கள். சரக்கு போன பிறகு பதிவுசெய்தால், பழைய பில்லுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதிலேயே வழக்கு இழுபடும்.